துக்கம் கேட்க வந்தவர்கள்

ஏழாம் நாள் காலையில் கீர்த்தனாவின் போனுக்கு அந்தக் கடிதம் வந்தது. அதுவரைக்கும் மணியம்மாளுக்கு அழுவதற்கு ஒரே காரணம்தான் இருந்தது.

மகள் அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள். சென்னையில் நேர்காணல், வருகிற புதன்கிழமை, காலை பதினொரு மணி, நேரில் வர வேண்டும். மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த மணியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். புதன்கிழமை பத்தாம் நாள். கருமாதி பதினாறாம் நாள்.

“போவ முடியாதேடி” என்றாள்.

“தெரியும்மா” என்றாள் கீர்த்தனா. போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் அவர்கள் ஊர். ஆதிமூலமும் அவர் தம்பி சகாதேவனும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்து, பக்கத்துப் பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போடுகிறவர்கள். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, காய் பிடித்திருந்த பயிருக்குத் தண்ணீர் விடப் போன ஆதிமூலம் மோட்டார் கொட்டாயில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டார். தொட்ட கையை அவரால் எடுக்க முடியவில்லை. கஞ்சி கொண்டுபோன மணியம்மாள்தான் முதலில் பார்த்தாள். அதன் பிறகு அந்தக் கொட்டாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. பயிர் காய்ந்துகொண்டிருந்தது.

ஆதிமூலத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. கீர்த்தனா ஒருத்திதான். தம்பி கொள்ளி வைப்பதென்று ஊரே முடிவு செய்து, சகாதேவன் வேட்டியை நனைத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, இவள் தெருவில் இறங்கி, “எங்கப்பாவுக்கு நான்தான் வைப்பேன்” என்று கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். பெரிய ரகளையாகிவிட்டது. சகாதேவன் கெட்டவர் அல்ல. அண்ணன் மேல் உயிர். அவர்தான் கடைசியில் நாலு பெரியவர்களிடம் பேசிவிட்டு வந்து எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்.

“புள்ளையா நின்னு வைக்கிறதுன்னா புள்ளைக்கு உண்டான கட்டுப்பாடு மொத்தமும் உனக்கும்தான். தரையிலதான் படுக்கணும். கையில இரும்பு இருக்கணும். கருமாதி முடியற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக்கூடாது. ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கறேன் சித்தப்பா.”

ஊரே கேட்டது. அப்பா போன துக்கத்திலும் ஜெயித்த முகம் ஒன்று அவளுக்கு இருந்ததை மணியம்மாள் பார்த்தாள். அந்த ஜெயிப்புதான் இப்போது அவள் காலைக் கட்டிப் போட்டிருந்தது.

கீர்த்தனா எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்து எட்டு மாதம் ஆகிறது. திருவண்ணாமலை காலேஜுக்கு நாலு வருஷம் பஸ்ஸில் போய் வந்து, வகுப்பில் இரண்டாவதாகத் தேறினாள். ஏழு கம்பெனிக்குப் போனாள். கம்ப்யூட்டர் வேலைக்குக் கூப்பிட்டார்கள், படித்த வேலைக்குக் கூப்பிடவில்லை. சைட் வேலைக்கெல்லாம் பசங்கதான் வேண்டும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான் ஒருவன். அந்த நேரத்தில்தான் அருணாதேவி அவள் படித்த காலேஜுக்குப் பேச வந்தார்.

அருணாதேவி அடி அண்ணாமலையில் பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண். மின்சார வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்து, தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு டவர் ஏறினவர் என்று சொல்வார்கள். அவரும், டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் டிசைன் பிரிவுக்கே தலைவியாக இருந்த காமேஸ்வரியும் சேர்ந்து, வருஷத்துக்கு ஒரே ஒரு பெண்ணைப் பொறுக்கி எடுத்து, ஒரு வருஷம் டெஸ்டிங் லேபில் தங்கள் கண் முன்னால் வைத்துப் பழக்கி, அதே துறையில் வேலையில் உட்கார வைப்பார்கள். இதுவரை ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் இன்றைக்கு சப்ஸ்டேஷனிலும் பேக்டரியிலும் நிற்கிறார்கள். பத்தாவது பெண் தானாக இருக்க வேண்டும் என்று கீர்த்தனா சாமிக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள். இந்த நேர்காணல் அதற்குத்தான்.

அன்று மத்தியானம் சகாதேவன் சோற்றுக் குண்டானோடு வந்தார். பதினாறு நாளும் பங்காளி வீட்டுச் சாப்பாடுதான். தாளிக்காத பருப்பும் அவித்த கீரையும். மணியம்மாள்தான் பேச்சை எடுத்தாள்.

“தம்பி, ஒரே நாளு. விடியக்காலம் போயி ராவுக்குள்ள வந்துடுவா.”

“அண்ணி, நான் வாணான்னா சொல்றேன்? ஊரு எதிர்ல கேட்டேன் இல்ல?”

“அதுக்கு இன்னா பண்றது? அவ வாழ்க்கை தம்பி.”

“அண்ணனுக்கு நல்ல கெதி வாணாமா?” சகாதேவன் குண்டானைக் கீழே வைத்தார். “நான் வைக்கிறேன்னுதானே நின்னேன். வச்சிருந்தா இன்னிக்கி இது எங்க வேணா போயிருக்கலாம். நான் எல்லைக்குள்ள கெடந்திருப்பேன். புள்ளையா நிக்கிறேன்னு சொல்லிச்சி. நிக்கட்டும்.”

கீர்த்தனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் அருணாதேவிக்குப் போன் போட்டாள். அந்தப் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அதனால் மணியம்மாளும் எல்லாவற்றையும் கேட்டாள்.

“மேடம், அப்பா தவறிட்டாரு. நான்தான் கொள்ளி வச்சேன். பதினாறு நாள் ஊரைத் தாண்ட முடியாது. வேற தேதி கிடைக்குமா மேடம்?”

“எப்படி தவறினாரு?”

“ஷாக் அடிச்சு, மேடம்.”

“எட்டு பேருக்கு ஒரே நாள்தான்மா குடுத்திருக்கு. ஒருத்திக்கு மாத்தினா மத்தவங்க கேப்பாங்க. சரி, வைக்கிறேன்.” போன் அணைந்துவிட்டது.

“வைக்கிறேன்னா இன்னாடி அர்த்தம்?”

“வைக்கிறேன்னு அர்த்தம்மா” என்றாள் கீர்த்தனா. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை அப்பாவுக்கா, கைநழுவிப் போன வேலைக்கா என்று மணியம்மாளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

புதன்கிழமை வந்தது. வெயில் எட்டு மணிக்கே ஏறிவிட்டது. கொல்லையில் இலைகள் சுருண்டு மண் நிறத்துக்கு வந்துவிட்டதாகப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். துக்க வீட்டில் சொல்லக்கூடாத சேதி என்று எதுவும் கிடையாது போலிருக்கிறது. பதினொரு மணி ஆனபோது கீர்த்தனா எழுந்து சுவர்க் கடிகாரத்தின் அடியில் போய் நின்றாள். பதினொன்றேகால் வரை நின்றாள். பிறகு வந்து, விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை முறத்தில் கொட்டிச் சொத்தை பொறுக்க ஆரம்பித்தாள். பாழாய்ப் போன ஊர் வழக்கத்தையும், அதைவிடப் பாழாய்ப் போன மகளின் பிடிவாதத்தையும் மணியம்மாள் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

இறங்கியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் கறுத்து உயரமாக, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். இன்னொருவர் சிவந்து ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தார். கீர்த்தனா முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, “மேடம்” என்றாள்.

அருணாதேவி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டு, நேராக மூலைக்குப் போய், மண்டியிட்டு, மணியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார். வாரியத்தின் பெரிய அதிகாரி என்று பேர், ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் எப்படித் தலையோடு தலை முட்டி அழுவார்களோ அப்படியே அழுதார். மணியம்மாளுக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. காமேஸ்வரி பெரிய கோயிலில் பூஜை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு இப்படிக் கட்டி அழுகிற பழக்கம் இல்லை. மணியம்மாளின் கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சகாதேவன் பாயை விரித்தார். துக்கம் கேட்க வந்தவர்களை யாரும் போகச் சொல்ல முடியாது. அது அருணாதேவிக்கும் தெரியும், சகாதேவனுக்கும் தெரியும்.

“எப்படிம்மா ஆச்சி?” என்று அருணாதேவி கேட்டார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

சகாதேவன் தொண்டையைக் கனைத்தார். பத்து நாளாக அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அது நன்றாகத் தேறியிருந்தது. முதல் நாள் வெறும் ஈரக் கை என்று இருந்தது நாலாம் நாள் தூறலாகி, ஒன்பதாம் நாள் மின்னலும் சேர்ந்துவிட்டது. “அன்னிக்கிப் பாருங்கம்மா, விடியும்போதே வானம் ஒரு மாதிரி இருந்திச்சி...”

“நீங்க பாத்தீங்களா?”

“இல்ல, நான் அப்பால...”

“கொள்ளி வச்சது யாரு?”

“பாப்பாதான்.”

“அப்ப அவ சொல்லட்டும்.”

கீர்த்தனா அப்படியே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தான் உட்கார்ந்திருப்பது நேர்காணலில் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. காமேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆறே முக்காலுக்கு அப்பா போனாரு. மழை இல்லைங்க. வரப்புல பனி ஈரம் இருந்துது, செருப்பு போடல. ஸ்டார்ட்டர் பட்டன அமுக்கப் போயி பெட்டியத் தொட்டிருக்காரு. பெட்டி இரும்பு.”

“பெட்டிக்கு எப்படி கரண்ட் வந்துது?” காமேஸ்வரி கேட்டார்.

“அப்பாவத் தூக்கறப்ப பாத்தேங்க. உள்ள வர ஒயரு ஓட்டை ஓரத்துல உரசி உரசி தோல் உரிஞ்சிருந்துது. அது இரும்புல பட்டிருக்கு.”

“ப்யூஸ் ஏன் போகலை?”

“மண்ணுக்குப் போற எர்த் கம்பி இல்லைங்க.”

“எர்த் இருந்திருந்தா ப்யூஸ் போயிருக்கும்னு உறுதியா சொல்வியா?”

“சொல்ல மாட்டேங்க. மாசி மாசம் எர்த் குழி காஞ்சி கெடக்கும். போகாமயும் இருந்திருக்கலாம். ஆனா மண்ணுக்குப் போறதுக்கு வேற வழி இருந்திருக்கும். அப்பா ஒடம்புல போனது கம்மியா இருந்திருக்கும்.” அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். “கைய ஒதறி விட்டிருப்பாரு.”

மணியம்மாள் மகளைப் பார்த்தாள். விதி என்றார்கள், நேரம் என்றார்கள், எமன் என்றார்கள். உதறி விட்டிருப்பார் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

“கனெக்‌ஷன் குடுக்கும்போதே எர்த் போட்டிருப்பாங்களே” என்றார் அருணாதேவி.

“போட்டிருந்தாங்க மேடம். கெட்டிக் கம்பி. பெட்டியில இருந்து செவுத்தோரமா எறங்கி, வெளிய சுத்தி குழிக்குப் போவும்.”

“அது எங்க?”

“இல்லைங்க. தை மாசத்துல இருந்தே இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தேங்க.” முறத்தின் விளிம்பை விரலால் நெருடிக்கொண்டே சொன்னாள். “அப்பாகிட்ட சொன்னேன். மல்லாட்ட புடுங்கி முடியட்டும், வேற கம்பி வாங்கி மாட்டிக்கலாம்னாரு. நானும் சரின்னுட்டேன். ஒரு மணி நேர வேலை மேடம். நாலு வருசம் இதத்தான் படிச்சேன். இன்டர்வியூவுக்குப் படிச்சிக்கினு வீட்லயேதான் இருந்தேன். மாட்டல.”

சகாதேவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கம்பிய யாரு எடுத்தது?” என்றார் அருணாதேவி.

கீர்த்தனா நிமிர்ந்தாள். சித்தப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. ஆதிமூலத்தின் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கையே பார்த்தாள்.

“தெரியாதுங்க” என்றாள்.

மணியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. தை மாதம் காட்டுப்பன்றி புகுந்து ஒரே ராத்திரியில் நாலு பாத்தியைக் கிளறிப் போட்ட மறுநாள், சகாதேவன் ஒரு சுருள் கம்பியோடு வந்தார். வேலிக்கு மேல் வரிசையாகக் கட்ட வேண்டும். ஒரு முனையை மணியம்மாள் முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், மறு முனையை அவர் இழுத்து முறுக்கினார். நல்ல கெட்டிக் கம்பி தம்பி, எங்க புடிச்ச என்று இவளே கேட்டாள். மோட்டார் கொட்டாயாண்ட சும்மா தொங்கிக்கினு இருந்திச்சி அண்ணி, டெஸ்டர் வச்சிப் பாத்தேன், கரண்டே வரல, தண்டக் கம்பி என்றார். காசு கொடுத்து வாங்காமல் வேலை முடிந்ததே என்று அன்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்.

இந்தக் கையாலதான். மணியம்மாள் தன் கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அருணாதேவி எழுந்தார். காமேஸ்வரியும் எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலுக்குப் போய், செருப்பை மாட்டி, காரில் ஏறிப் போய்விட்டார்கள். சகாதேவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் வேகமாக நடந்தார்.

“போச்சிம்மா” என்றாள் கீர்த்தனா. “ஒண்ணுமே சொல்லல பாரு.”

“துக்க வீட்டுல யாரும் சொல்லிக்கினு போவ மாட்டாங்கடி.” இதைச் சொல்லும்போது மணியம்மாளின் மனம் இங்கே இல்லை.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது.

“கீர்த்தனா, துக்க வீட்டுல வேலைப் பேச்சு எடுக்கக்கூடாதுன்னு சொல்லாம வந்துட்டோம். ஊரு எல்லையத் தாண்டி வண்டிய நிறுத்தியிருக்கேன்.” அருணாதேவியின் குரல் சமமாக இருந்தது. “நேத்து ஏழு பேரைப் பார்த்தோம். யாரும் உன்னை மாதிரி பதில் சொல்லல. ஆனா கடைசிக் கேள்விக்கு நீ பொய் சொன்ன.”

கீர்த்தனா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வருசம் ஒரு லைன்மேன் செத்தான். ஸ்விட்ச்சைப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். நல்ல மனுசன், மூணு பொண்ணுங்க. செத்தவனோட கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தேன். ஒண்ணரை வருசத்துல அதே ஸ்விட்ச்சுல, அதே மாதிரி இன்னொருத்தன் போனான். அவன் பொண்டாட்டிகிட்ட துக்கம் கேக்கப் போக எனக்கு இன்னி வரைக்கும் தைரியம் வரல.” பிறகு சொன்னார். “ஒரு பக்கம் அறிக்கை எழுது. இன்னா நடந்தது, யாரு, எப்போ. போலீசுக்கு இல்ல, எங்க ரெண்டு பேருக்கு மட்டும். ஆறு மணிக்குள்ள வரணும். உண்மை இருந்தா இடம் உனக்கு. கருமாதி முடிச்சிட்டு வந்து சேரலாம். இல்லைன்னா நல்லா இரும்மா.”

மணி மூன்று ஆகியிருந்தது. கீர்த்தனா நோட்டை எடுக்கவில்லை. முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பொறுக்கி முடித்த கொட்டையையே திரும்பப் பொறுக்கினாள்.

“எழுதேண்டி.”

“வாணாம்மா.”

“எட்டு மாசமா இதுக்குத்தானே கெடந்த?”

“வாணாம்னா விடேன். டியூசன் எடுத்துக்கினு இங்கியே இருக்கேன்.”

“யாருக்காகடி மறைக்கிற?”

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. அவள் சித்தப்பாவுக்காக மட்டும் மறைக்கவில்லை என்பது மணியம்மாளுக்குத் தெரிந்தது. பதினோரு நாள் தன் பக்கத்திலேயே படுத்து, தன் கண்ணீரைத் துடைத்து, இதைத் தன் காதில் விழாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அருணாதேவி வந்து கேட்காமல் இருந்திருந்தால் கம்பி இல்லாததைக்கூடக் கடைசி வரை சொல்லியிருக்க மாட்டாள். அந்த அன்பை மணியம்மாளால் தாங்க முடியவில்லை.

ஐந்தே காலுக்குச் சகாதேவன் வந்தார். தோளில் கம்பிச் சுருள். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. வேலியிலிருந்து பிடுங்கும்போது பட்டிருக்க வேண்டும். சுருளை வாசலில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

“டெஸ்டர் வச்சிப் பாத்தேனே பாப்பா. லைட்டே எரியலயே.”

“அதுல எப்பவும் கரண்ட் வராது சித்தப்பா. வரக்கூடாத நேரத்துக்குத்தான் அது.”

“எனக்கு யாரும் சொல்லலயே.” தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணனும் சொல்லலயே. தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை கேக்கலயே அந்த ஆளு.”

மணியம்மாள் மூலையிலிருந்து போனில் வந்த சேதியைச் சொன்னாள். ஆறு மணி என்பதையும் சொன்னாள். சகாதேவன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

“எழுது பாப்பா. சகாதேவன், தம்பின்னு எழுது. நான்தான் அவுத்தேன். நான்தான் வேலியில கட்டுனேன். அண்ணி பேரு வாணாம்.”

கீர்த்தனா நோட்டை எடுத்தாள். வேகமாக எழுதினாள். காலேஜில் பழகின கை, நடுவில் நிற்கவே இல்லை. முடித்ததும் மணியம்மாள் படிக்கச் சொன்னாள். ஸ்டார்ட்டர் பெட்டி, தோல் உரிந்த ஒயர், காய்ந்த குழி, எல்லாம் இருந்தது. கம்பி இல்லாததைப் பார்த்தும் மாட்டாத கீர்த்தனா இருந்தாள். அவிழ்த்துக்கொண்டு போன சகாதேவன் இருந்தார்.

“என் பேரு எங்க?”

“நீ எதையும் அவுக்கலம்மா.”

“வேலியில ஒரு முனைய யாரு புடிச்சது? எங்க புடிச்சன்னு கேட்டது யாரு? கொட்டாயில இருந்துன்னு சொன்னப்புறமும் புடிச்சிக்கினு நின்னது யாரு?”

“அம்மா, உனக்கு அது இன்னான்னே தெரியாது.”

“உங்க சித்தப்பாவுக்கு மட்டும் தெரியுமா?”

“அண்ணி” என்றார் சகாதேவன்.

“நீ சும்மா இரு தம்பி.” மணியம்மாள் நோட்டை மகள் பக்கம் தள்ளினாள். “பாதி உண்மைய எழுதி வாங்குற எடம் எனக்கு வாணாம்டி. மணியம்மாள், பொண்டாட்டின்னு எழுது.”

எழுதும்போது கீர்த்தனாவின் கண்ணீர் தாளில் விழுந்து ஒரு வரி கலைந்தது. அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே திரும்ப எழுதினாள். போட்டோ எடுத்து அனுப்பும்போது ஐந்து ஐம்பது.

ஆறு மணிக்குள்ளேயே பதில் வந்தது. பதினேழாம் நாள் புறப்பட்டு வா என்று ஒரே வரி. கீர்த்தனா அதைப் படித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். ஒளித்து வைத்திருந்த கைகளை மணியம்மாள் வெளியே எடுத்து, வைக்கத் தெரியாமல், கடைசியில் அவள் தலை மேல் வைத்தாள்.

வாசலில் சகாதேவன் கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இருட்டின பிறகு கேட்டார்.

“அண்ணி, அந்த அம்மா நம்மள இன்னா பண்ணுவாங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டாங்க தம்பி” என்றாள் மணியம்மாள். “இவ போயிடுவா. நீயும் நானும்தான் இங்க இருந்தாவணும்.”